ஓர் ஆக்சிஜன் குறைவு

மார்த்தாண்டத்தில், பகலிலும் ட்யூப்லைட் எரியும் அச்சகத்தில்
ஐந்நூறு லேபிளை நான் தப்பாக அடித்துவிட்டேன்.

ஆள் ஒன்றும் சாகவில்லை.
கருங்கல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்
லேப் அட்டெண்டர் ரோஸ்லெட்
குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.
போன் வந்தது:
"லிஜா, இதுல சல்ப்யூரஸ்ணு கெடக்கு.
உள்ள இருக்கது சல்ப்யூரிக்காக்கும்."

எல்லாம் ஆசிட்டுதானே, என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும்.
பிறகு,
"லிஜாவும் லிஜோவும் ஒண்ணா?"

லிஜோ என் அண்ணன்.
அவன் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து புரண்டு என் பேர் விழுந்து
எட்டு மாதம் குவைத் தள்ளிப்போனது.
அது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் நேரிலேயே வந்தாள்.
தேதி பிழையாகி வீணான கல்யாணக் கார்டைத் திருப்பிப்போட்டு
மீன்குழம்பு மணக்கிற கையால் எழுதினாள்.

முதலில் ஒன்று மட்டும் கேள்:
உள்ளே ஆக்சிஜன் உண்டா, இல்லையா.

இல்லையென்றால் பேருக்கு முன்னால் ஹைட்ரோ நிற்கும்,
பின்னால் இக்.
ஹைட்ரோகுளோரிக். ஹைட்ரோபுரோமிக்.
காற்றாகத் திரிகையில் அது வெறும் ஹைட்ரஜன் குளோரைடு,
தண்ணீரில் இறங்கினால்தான் அமிலம் என்று பேர்.
புகுந்த வீட்டில் பேர் மாறுகிறது போல, என்றேன்.
"எனக்கு மாறல்ல" என்றாள், நிமிராமல்.

ஆக்சிஜன் உண்டென்றால் ஹைட்ரோவை விட்டுவிடு,
வாலைப் பார்.
ஏட் என்று முடிகிற அயனி இக் ஆகும்:
சல்பேட், சல்ப்யூரிக். நைட்ரேட், நைட்ரிக்.
ஐட் என்று முடிந்தால் அஸ்:
சல்பைட், சல்ப்யூரஸ்.
ஓர் ஆக்சிஜன்தான் குறைவு.

"இக் விக்கல், அஸ் தும்மல்.
விக்குறவன் நெறையத் தின்னவன், பாத்துக்கோ."

குளோரினுக்கு மட்டும் நாலு பேர்.
பேச்சிப்பாறை ஷட்டரை ஒவ்வொன்றாகத் தூக்குகிற மாதிரி
ஆக்சிஜன் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு:
ஹைப்போகுளோரஸ்,
குளோரஸ்,
குளோரிக்,
பெர்குளோரிக்.
நாலாவதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது,
வாசலில் கோபக்காரர் யாரோ நிற்பதுபோல.

நான் பிழை திருத்துகிறவள். என் கண் வேறிடத்தில் நின்றது.
குளோரைட்.
குளோரைடு.
இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து.
நமக்கு ஒரே ட.
ஒன்றில் புள்ளி, மற்றதில் ஒரு சின்ன உகரம்.
அந்த உகரத்துக்குள் ஆக்சிஜனே கிடையாது.
பன்னிரண்டு வருஷமாக எத்தனை உகரத்தை
இடம் போதவில்லை என்று வெட்டியிருக்கிறேனோ.

ஐந்நூறையும் மறுபடி அடித்தேன். மை என் கணக்கில்.
சரக்குக்காரர் ஞானசிகாமணி ஒன்றும் சொல்லவில்லை,
எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார்.
பிழையான கட்டிலிருந்து ஒன்றைப் பையில் போட்டேன்.
ஏன் என்று அப்போது தெரியாது.

அருமனைக்குக் கடைசி பஸ்.
வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு நாற்பது மூடு ரப்பர்.
ஷீட் அடிக்கிற ஷெட்டில்
பால் உறைய ஊற்றும் ஆசிட்
எப்போதும்போல ஜன்னல் மேல் இருந்தது,
ஆரஞ்சுப் பழம் சிரிக்கிற கூல்டிரிங்ஸ் குப்பியில்.

ஃபார்மிக்.
ஏட்டும் இல்லை ஐட்டும் இல்லை,
ரோஸ்லெட்டின் கார்டில் இதற்கு இடமில்லை.
எறும்பைக் காய்ச்சித்தான் முதலில் எடுத்தார்களாம்,
எறும்பின் லத்தீன் பேரையே வைத்துவிட்டார்கள்.
நாங்கள் அதையும் கூப்பிட்டதில்லை.
அடுத்த வீட்டு ஷைனியின் பையன் ஆறு வயசு,
தாகமென்றால் எந்தக் குப்பியையும் திறப்பான்.

டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
லேபிளில் சல்ப்யூரஸை அடித்தேன்,
மேலே ஃபார்மிக் என்று எழுதினேன்.
அமிலம் என்பதை அப்படியே விட்டேன்.
ஆரஞ்சின் முகத்தின்மேல் ஒட்டினால்
ஈரத்தில் பசை பிடிக்கவில்லை.

சிரட்டையில் காய்ந்து கிடந்த ஒட்டுபாலை உரித்து
நீளமாக இழுத்து
இரண்டு சுற்று சுற்றிக் கட்டினேன்.
பிறகு குப்பியை
இன்னும் ஒரு தட்டு மேலே வைத்தேன்.